கல்வெட்டில் கிழிபட்ட பக்கம்

அச்சக வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பாரிஸில் எங்கள் சனத்தின் கடைகள் இருக்கும் லா சப்பலில் ஓர் அச்சகத்தில் பல வருடம் பக்கம் வடிவமைத்தேன். கல்யாணக் கார்ட், சாமத்தியவீட்டு அழைப்பு, கோயில் நோட்டீஸ், கல்வெட்டு. செத்தவரின் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருபவர்களிடம் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைத்தான் எங்கள் ஆட்கள் கல்வெட்டு என்பார்கள். அதற்குக் கம்ப்யூட்டரில் ஒரு மாதிரி எப்போதும் ரெடியாகக் கிடக்கும். படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு, புலம்பல், நன்றி. பெயரையும் படத்தையும் மாற்றினால் வேலை முடிந்தது.

1. தேவாரம் வேண்டாம்

மாஸ்டர் வன்னியில் படிப்பித்தவர். 2009 யுத்தத்தில் பதுங்கியிருந்த பங்கருக்குள் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்துவிட்டு, மனைவியோடு இங்கே வந்தவர். மனைவி ஒபீஸ்களில் கிளீனிங் வேலை செய்தார். சில வருடங்களில் அவரும் புற்றுநோயில் போய்விட்டார். அவருடைய கல்வெட்டை அடிக்கத்தான் மாஸ்டர் எங்கள் கடைக்கு வந்தார்.

"தேவாரத்தை எடுத்துப்போட்டு இதைப் போடுங்கோ தங்கச்சி" என்று ஒரு தாளை நீட்டினார் மாஸ்டர்.

இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்திய ஒரு பிரெஞ்சுக்காரரின் எழுத்தை அவரே தமிழாக்கியிருந்தார். பாதிரிமாரின் தூக்கத்தைக் கெடுத்த மனுசன் அது. உயிரோடு இருந்தபோது இதே பாரிஸில் அவருடைய புத்தகத்தை நெருப்பில் போட்டார்கள். இப்போது தெருவுக்கும் மெத்ரோ ஸ்டேசனுக்கும் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். பூமியதிர்ச்சியில் ஒரு நகரம் சனத்தோடு புதைந்தபோது, எல்லாம் நன்மைக்கே என்று பேசியவர்களிடம், அது யாருக்கு நன்மை என்று கேட்டவர். தாளில் இருந்ததும் அந்தக் கேள்விதான்.

"அகதிகளுக்கு வைக்கிற பிரெஞ்சு வகுப்பிலை அவ இதைப் படிச்சவ" என்றார் மாஸ்டர். "வீட்டை வந்து, 'இஞ்சரப்பா, இந்த மனுசன் எங்கடை பிள்ளையளுக்காகக் கேக்கிறான்' எண்டு குழறி அழுதவ. 'எல்லாம் ஈசன் அருள் எண்டு என்ரை கல்வெட்டிலை ஒரு எழுத்தும் வரக்கூடாது, இதுதான் வரோணும்' எண்டு சாகிறதுக்கு முன்னம் என்னட்டைச் சத்தியம் வாங்கினவ."

முதலாளி தாளைப் பார்த்துவிட்டுக் குதித்தார். "உனக்கென்ன விசரே பிள்ளை? நாளைக்குக் கோயில்காரர் நோட்டீஸை வேறை கடையிலை குடுத்தா நான் என்ன செய்யிறது?"

"அண்ணை, செத்தது மாஸ்டரின்ரை மனிசி. கோயில்காரரின்ரை மனிசி இல்லை."

முதலாளி என்னை முறைத்தார். "அடிச்சுத் துலை. ஆனா பின்னட்டையிலை எங்கடை கடைப்பேர் வரக்கூடாது."

2. குசினி

பாரிஸுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில், சால் என்று நாங்கள் சொல்லும் ஒரு வாடகை மண்டபத்தில் முப்பத்தோராம் நாள் சாப்பாடு. கல்வெட்டுப் பெட்டிகளை நான்தான் கொண்டுபோனேன். வாசலில் இறக்கிவிட்டு மாஸ்டரைத் தேடிப் போய்க் கதைத்துவிட்டு வர, பெட்டிகளைக் காணவில்லை. குசினிக்குள் எட்டிப் பார்த்தால், வடை பொரிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நாலைந்து பெண்கள் குந்தியிருந்து அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டருடைய மனைவியின் தம்பி நின்று, "கெதியாக் கிழியுங்கோ, ஐயர் வரப்போறார்" என்று அவசரப்படுத்தினான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன அநியாயம் செய்யிறியள்? அது உங்கடை அக்கா கேட்டது!"

"நீங்கள் பிரிண்ட் அடிச்சுத் தந்தியள், அதோடை விடுங்கோ" என்றான். "என்ரை அக்கா மோட்சத்துக்குப் போகவேண்டாமோ?"

அவன் கண் அழுது வீங்கியிருந்தது. கெட்ட நோக்கம் இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன். பாசத்தில் செய்கிறவனை என்ன சொல்லித் திட்டுவது?

கல்வெட்டு நடுவில் பின் அடித்த புத்தகம். ஒரே தாள்தான் மடிந்து முன்பாதியில் ஓர் இலையாகவும் பின்பாதியில் ஓர் இலையாகவும் நிற்கும். முன்னதைக் கிழித்தால் பின்னதுக்குப் பிடி இல்லை. இது அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பின் இலையில்தான் பள்ளிக்கூட உடுப்போடு நிற்கும் இரண்டு பிள்ளைகளின் படம் இருந்தது.

சனம் கல்வெட்டை வாங்கி விரித்தது. பிள்ளைகள் ஒவ்வொன்றாக நழுவிக் கீழே விழுந்தார்கள். கதிரைகளுக்குக் கீழே, சப்பாத்துகளுக்குக் கீழே, பாயசம் சிந்திய இடத்தில். மைக்கில் ஒருவர், "எல்லாம் ஈசன் அருள்" என்று உரையைத் தொடங்கினார்.

மாஸ்டர் குனிந்து குனிந்து பொறுக்கினார். சால்வையால் துடைத்து அடுக்கினார். பிறகு என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, இதுகளைத் திருப்பி ஒட்டலாமோ?"

"ஏலாது மாஸ்டர்."

"அவ மோட்சம் கேக்கேல்லை. பிள்ளையள் இருக்கிற இடமே தனக்குப் போதுமெண்டவ" என்றார். அதற்குள் மைத்துனன் வந்து, "அத்தான், வந்து இருங்கோ, சனம் பாக்குது" என்று கையைப் பிடித்து இழுத்தான். மாஸ்டர் போய் இருந்தார். போட்டதைச் சாப்பிட்டார்.

எனக்கு இதில் கிடைத்த பாடம் தொழில் பாடம்தான், பிள்ளைகள். யாராவது இப்படி ஒரு பக்கத்தைக் கொண்டுவந்தால் தனி இலையில் போடாதீர்கள். செத்தவரின் படத்துக்குப் பின்பக்கத்தில் போடுங்கள். எங்கள் சனம் படத்தைக் கிழிக்காது. செத்தவர் சொன்னதைத்தான் கிழிக்கும்.