மாமியின் படங்களும் ஒரு சோதிடக் கிளியும்

கிளி வளர்த்தேன் என்று சொன்னால் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, பேசுமா என்பதுதான். எங்கள் கிளி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதற்கும் சேர்த்து நானும் மாமியும் பேசிக்கொண்டிருந்ததால் அதற்கு அவசியம் வரவில்லை.

அறுபதுகளில் மாத்தளை டவுனில், ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவர் ரயிலில் வருகிற சாமான்களைப் பதிகிற கிளார்க். நான் முன்னறையில் மெஷின் போட்டு, டவுன் பெண்களுக்கும் தோட்டத்துப் பெண்களுக்கும் சட்டை தைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஆள் மாமி, என் கணவரின் அம்மா. ஞாயிறு பூசையை ஒருநாளும் விடாத கத்தோலிக்க வேதக்காரி. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை வைத்து மாமி என்னை ஒரு சொல் சொன்னது கிடையாது. பிள்ளை வரம் தருகிற அன்னம்மாளிடம் மட்டும், செபப் புத்தகத்தில் வைத்திருந்த படத்தைப் பார்த்துத் தினமும் முறையிடுவார். ஒரு வருசம் தலவிலில் இருக்கிற அன்னம்மாள் கோவிலுக்குப் போய் வாங்கிவந்த படம் அது.

அம்மன் கோவில் தேர் முடிந்த மறுநாள் நானும் கணவரும் சந்தைக்குப் போய்விட்டு வந்தோம். ரோட்டோரத்தில் ஒரு கிளி சோசியக்காரர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் இரண்டு கூடுகள். ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டார். மற்றதைச் சாக்கடைக் காண் ஓரத்தில் வைத்துவிட்டு நடக்கப் பார்த்தார். அதற்குள் இருந்த கிளிக்கு நெஞ்சில் ஒரு இறகுகூட இல்லை. உரித்த கோழி மாதிரி தோல் தெரிந்தது. இறக்கையை வேறு கத்தரித்திருந்தார்.

"இதை விட்டுட்டுப் போறீங்களே" என்றேன்.

"அது சாகப் போற கிளிம்மா. தன் இறகைத் தானே புடுங்கிக்குது. சீட்டும் எடுக்க மாட்டேங்குது. அதுக்குத் தீனி போட்டு நான் என்ன செய்ய?"

நான் கூட்டைத் தூக்கிவிட்டேன்.  விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் என் கணவருக்கு ஒரு வியாதி உண்டு. சும்மா கிடைக்கிற பொருளைக்கூட ஒரு வாக்குக் கொடுத்துத்தான் வாங்குவார். "நாங்க வச்சுப் பாக்குறோம். நல்லானதும் வந்து எடுத்துக்குங்க" என்று சொல்லி, வீட்டுக்கு வழியும் சொன்னார். நான் அவர் கையைக் கிள்ளினேன். அதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

வீட்டு வாசலில் மாமி குறுக்கே நின்றார்.

"சோசியக் கிளி இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது."

"சோசியம் அந்தாளோட போயிருச்சு மாமி. இது வெறும் கிளி."

மாமி உள்ளே போய்த் தீர்த்தப் போத்தலைக் கொண்டுவந்து கூட்டின் மேல் நன்றாகத் தெளித்தார். கிளி உடம்பை ஒரு உதறு உதறி அந்தத் தீர்த்தத்தை எங்கள் மூன்று பேர் மேலும் திருப்பித் தெளித்தது. பிறகுதான் மாமி உள்ளே விட்டார்.

கொய்யாப்பழம், சோளக்கதிர், உறைக்கிற பச்சைக் கொச்சிக்காய் என்று கொடுத்ததில் கிளிக்கு உடம்பு தேறியது. ஆனால் இறகு பிடுங்குவது நிற்கவில்லை. புதிதாக ஒன்று முளைத்தால் சாயந்தரத்துக்குள் அது கூட்டின் அடியில் கிடக்கும். சில நாள் ரத்தமும் கசிந்தது. நான் தைத்துக்கொண்டே அதைக் கவனித்தேன். சட்டைக்கு அளவு கொடுக்க ஆட்கள் வந்து சத்தமாக இருக்கும்போது அது பிடுங்குவதில்லை. வீடு அமைதியானால்தான் அதன் மூக்கு நெஞ்சுக்குப் போகிறது. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. சின்ன வயசிலிருந்து கூட்டைத் திறந்தால் வெளியே வருவதும், சீட்டெடுப்பதும், நெல் வாங்கித் தின்பதுமாக இருந்த பிராணி. இப்போது தீனி மட்டும் வருகிறது, செய்வதற்கு ஒன்றும் இல்லை. உழைத்துப் பழகியவர்களைச் சும்மா உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமி என்னை மெஷினைத் தொட விடமாட்டார். அன்றைக்கெல்லாம் நானே என்னைப் பிய்த்துக்கொள்ளாத குறைதான்.

இந்தக் கிளியைச் சாகவிடக்கூடாது என்று முடிவு கட்டினேன். நான் ஒன்றை முடிவு கட்டினால் அதை அவிழ்க்க என்னாலேயே முடியாது.

முதலில் கூட்டுக் கதவைக் கழற்றி எறிந்தேன். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கொய்யாக் கிளையை ஆணியடித்து நிறுத்தினேன். நூல் தீர்ந்த கட்டைகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டேன். கட்டையின் ஓட்டையில் கச்சான் கடலையை அடைத்து, வெட்டுத்துணியால் மூடிவைத்தேன். அந்தத் துணியை உருவிக் கச்சானை எடுக்கக் கிளிக்கு ஒரு காலை நேரம் சரியாகப் போனது. அது பழகிவிட்டதும் துணியை முடிச்சுப் போட்டேன். முடிச்சும் பழகிவிட்டது. பிறகு ஒவ்வொரு கட்டையாகக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்க்கும். நான் எடுத்துக் கொடுப்பேன். திரும்பவும் போடும். இப்படி ஒரு சட்டைக்குக் கை வைத்து முடிப்பதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப் போகும். துணிக்கடையில் துணி சுற்றி வருகிற அட்டைகளைக் கேட்டு வாங்கிவந்து கொடுத்தால், அவற்றைத் துகள் துகளாகக் கிழித்து மெஷினைச் சுற்றிக் குப்பை போடும். மாமி கூட்டிப் பெருக்கிக்கொண்டே திட்டுவார். ஆனால் நெஞ்சில் பச்சை முளைக்கத் தொடங்கியிருந்தது.

இந்த நேரத்தில்தான் மாமி ஒரு காரியம் செய்தார்.

மாமியின் செபப் புத்தகத்துக்குள் அந்தோனியார், செபஸ்தியார், அன்னம்மாள் என்று அர்ச்சியசிஷ்டவர்களின் படங்கள் இருந்தன. தடித்த, வழுவழுப்பான, ஓரத்தில் தங்க நிறம் பூசிய படங்கள். ஒரு காலை அவர் பாயில் உட்கார்ந்து செபம் சொல்லிக்கொண்டிருக்க, கிளி கிளையிலிருந்து இறங்கி நடந்துபோய், புத்தகத்திலிருந்து ஒரு படத்தை மூக்கால் உருவி அவர் மடியில் வைத்தது. அந்தோனியார் படம். மாமி அதை விரட்டினார். ஆனால் அந்த வாரம் முழுக்க மாமி தன் காதுத் தோட்டில் ஒன்றைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் அந்தோனியார். அன்று பகல் அரிசி புடைக்கும்போது சுளகில் தோடு கிடந்தது.

 மறுநாள் விடிந்ததும் நான் எழுந்து வந்து பார்த்தால், படங்களை எல்லாம் பாயில் வரிசையாகக் கவிழ்த்து வைத்து, கையில் கச்சானோடு கிளிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

"சோசியமா பாக்குறீங்க மாமி?"

"சோசியமா? இன்னைக்கு யார்கிட்ட வேண்டிக்கிறதுன்னு கேட்டேன். அது வேற."

அது எப்படி வேறு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் கிளி துள்ளிக்கொண்டு வந்து படம் எடுத்துக் கொடுத்தது. அதற்குத் தெரிந்த தொழில் அல்லவா. பக்கத்து வீட்டம்மா தன் மகனின் காய்ச்சலுக்குக் கேட்டார். எதிர்வீட்டுச் சிங்கள டீச்சர் வேலை மாற்றத்துக்குக் கேட்டார். மசாலாக் கடைக்கார முஸ்லிம் நானாவின் மனைவி, "எனக்குப் படமெல்லாம் வேணாம், நல்லது கெட்டது மட்டும் சொல்லச் சொல்லுங்க" என்று பின்வாசல் வழியாக வந்தார். மாமி யாரையும் திருப்பி அனுப்பவில்லை. எனக்கு எரிச்சல்தான். ஆனால் கிளியின் நெஞ்சு முழுக்கப் பச்சை மூடி, இறக்கையும் வளர்ந்து, அது அறைக்குள் ஒரு சுற்றுப் பறந்துவிட்டு என் தோளில் வந்து உட்கார்ந்த நாளில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வருசத் தேருக்கு முந்தின வாரம் அந்தச் சோசியக்காரர் வாசலில் வந்து நின்றார். யட்டவத்தை என்கிற ஊரிலேயே கேள்விப்பட்டாராம், மாத்தளையில் வேதக்கார வீட்டில் ஒரு கிளி சீட்டெடுக்கிறது என்று.

"ஐயா சொன்னபடி எடுத்துட்டுப் போக வந்தேன்."

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னது சொன்னதுதான்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. காண் ஓரத்தில் போட்டுவிட்டுப் போன ஆள். திரும்பவும் இறக்கையை வெட்டி, கூட்டில் அடைத்து, நாள் முழுக்க வெயிலில் வைத்து வேலை வாங்குவார். பிறகு ஒருநாள் வேறொரு காண் ஓரம். அழுதால் காரியம் கெட்டுவிடும். அதனால் பேரம் பேசினேன்.

"தேர் முடிஞ்சதும் வாங்க. உங்க சீட்ட நீங்களே போட்டுக் கூப்பிடுங்க. ஒழுங்கா எடுத்துக் குடுத்தா கொண்டு போங்க. இல்லாட்டி இங்கேயே விட்டுரணும்."

அவர் சிரித்தார். "நான் பழக்குன கிளிம்மா" என்று ஒத்துக்கொண்டார். என் கணவரும் அது நியாயம்தான் என்றார். அன்று கணவருக்கு வெறும் சோறு போட்டேன். கறி எங்கே என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

என் கணக்கு இதுதான்: அட்டையைக் கண்டால் கிழிக்கிற கிளி, சீட்டைக் கண்டாலும் கிழிக்கும். துணி அட்டையைச் சீட்டளவுக்கு வெட்டி வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றையும் காலில் மிதித்துக் கிழித்துப் போட்டது. எனக்குப் பெரிய சந்தோஷம். எதற்கும் இருக்கட்டும் என்று நடுவில் மாமியின் படம் ஒன்றைச் செருகினேன். கிளி அதை மட்டும் மெதுவாகத் தூக்கி, ஒரு மடிப்பு விழாமல் கொண்டுவந்து என் கையில் வைத்தது. திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன். வெறும் அட்டை என்றால் விளையாட்டு, படம் போட்ட அட்டை என்றால் தொழில். இரண்டுக்கும் வித்தியாசம் அதற்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த ஆளின் சீட்டெல்லாம் படம் போட்டவை. காலண்டரிலிருந்து படங்களை வெட்டிவைத்துப் பழக்கப் பார்த்தேன். அந்த மெல்லிய தாளைச் சப்பித் துப்பிவிட்டதே தவிர, சீட்டாக அதை மதிக்கவே இல்லை. நான் மெஷினில் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மாமி கதவோரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே போய்ச் செபப் புத்தகத்தோடு வந்தார்.

"பழசாப் போன படத்த எரிச்சிரணும்னு பூசை வைக்கிற சாமியார் சொல்லியிருக்காரு. எரிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் கிழிஞ்சா ஒண்ணும் ஆகாது. இந்தா புள்ள."

"மாமி, வேணாம்."

"என்னாலதானே அவன் தேடிக்கிட்டு வந்தான்" என்று சொல்லிவிட்டு முதல் படத்தை எடுத்தார். "இவர்கிட்ட முட்டிவலிக்கு எத்தனை வருசமா கேக்குறேன். ஒண்ணும் செய்யல." செபஸ்தியாரை வைத்தார். கிளி எடுத்து நீட்டியது. நான் வாங்கவில்லை, ஒன்றும் கொடுக்கவில்லை. படத்தின் ஓரத்தில் நான் ஒரு கிழிசல் போட்டு வைத்தபோது, அதைப் பிடித்து இழுத்தது. உடனே கொச்சிக்காய் கொடுத்தேன். "இவரு என் தம்பியக் குடிக்க விட்டுட்டாரு." அடுத்தவர் போனார். ஒவ்வொருவர் மேலும் மாமிக்கு ஒரு வழக்கு இருந்தது. நீட்டினால் ஒன்றும் இல்லை, கிழித்தால் கொச்சிக்காய் என்பதைக் கிளி மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது. நாங்கள் ஒவ்வொரு நாளும் அதே வேலையாக இருந்தோம். சட்டை கேட்டு வந்தவர்களைத் தேர் முடிந்து வரச் சொன்னேன்.

கடைசியில் இரண்டு படங்கள் மிச்சம். அந்தோனியாரைப் புத்தகத்துக்குள் திரும்ப வைத்தார். மற்றதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அன்னம்மாள்.

"வச்சுக்கங்க மாமி" என்றேன். 

"இவங்ககிட்டதான் ரொம்பக் கேட்டேன்" என்று சொல்லி, உதட்டில் வைத்து முத்தி செய்துவிட்டு அந்தப் படத்தைப் பாயில் வைத்தார். நான் கிழிசல் ஒன்றும் போடவில்லை. கிளி வந்தது, எடுத்தது, மிதித்தது, கிழித்தது.

தேர் முடிந்து சோசியக்காரர் வந்தார். பாயை விரித்துச் சீட்டுகளை வரிசையாக அடுக்கினார். உள்ளங்கையில் நெல்லை வைத்துக்கொண்டு நாக்கால் ஒரு சத்தம் கொடுத்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கிளி கிளையில் விறைத்து நிமிர்ந்தது. இறங்கி நேராக அவரிடம் நடந்தது.  ஒரு சீட்டை உருவி, அவர் பக்கம் திரும்பி, அப்படியே நீட்டியது. மாமி முக்காட்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். சோசியக்காரர் கையை நீட்டினார். கிளி அவர் கையைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. சீட்டைக் கீழே போட்டு, காலில் மிதித்து, நடுவில் மூக்கை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தது. முருகன் ஒரு பக்கம், மயில் ஒரு பக்கம்.

அவர் இன்னொரு சீட்டைத் தானே எடுத்து அதன் முன்னால் வைத்தார். அதுவும் இரண்டாகப் போனது. மூன்றாவதைக் கிளி தேடிக்கொண்டு வந்தபோது அவர் அவசரமாகச் சீட்டுகளை வாரிக்கொண்டார்.

"கெடுத்துட்டீங்களேம்மா. இது இனித் தொழிலுக்கு ஆகாது."

"ஆகாதுதான்" என்றேன். கொச்சிக்காயைக் கிளியிடம் நீட்டிவிட்டு, யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதேன். என் கணவர் அவரைச் சாப்பிட உட்கார வைத்தார். அன்றைக்குக் கறியும் போட்டேன்.

அவர் போன பிறகு மாமி பாயில் கிடந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கினார். தன் சாமி, அவர் சாமி என்று பார்க்காமல் எல்லாவற்றையும், பழக்கும்போது கிழிந்து சேர்த்து வைத்திருந்த துண்டுகளோடு, அடுப்பில் போட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அன்னம்மாள் படத்தின் துண்டு ஒன்று மட்டும் அவர் கையில் இருந்தது.

"இவங்கள நான் சும்மா குறை சொல்லிட்டேன் புள்ள" என்றார். "வீட்ல ஒரு புள்ளைச் சத்தம் வேணும்னுதான் கேட்டேன். குடுத்துட்டாங்க. நிறம்தான் பச்சையாப் போச்சு."

அந்த நேரம் முன்னறையில் நூல் கட்டை ஒன்று கீழே விழுந்தது. எடுத்துக் கொடுக்க மாமி எழுந்து போனார்.