சறோவுக்குச் சீனி போட்ட தேநீர்

கடந்த செவ்வாய்க்கிழமை என் மனைவி சறோவின் திவசம்.

திவசத்துக்குத் திதிதான் கணக்கு. திதிக்குச் சனி, ஞாயிறு தெரியாது. வேலை நாளில் வந்து விழுந்தால் சிட்னியில் யார் லீவு போட்டு வருவார்கள்? முதல் வருடம் இங்கே கிரவீன் புறநகரில் எங்கள் வீட்டுக்கு முன்னால் கார் நிறுத்த இடமில்லை. இந்த வருடம் நானும், மெல்பேர்னிலிருந்து வீடியோ கோலில் மகள் மதுவும்தான்.

குறை சொல்லவில்லை. எல்லாருக்கும் வேலை... சரி, கொஞ்சம் குறைதான்.

சமைக்கத் தெரியாதவன் இல்லை நான். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல் எல்லாம் காலையிலேயே தயார். சறோவின் படத்துக்கு முன்னால் இலை போட்டேன். போனவருக்கு எது பிடிக்குமோ அதைத்தானே படைக்க வேண்டும்? சறோவுக்குச் சோறு கறியைவிடப் பால் தேநீர் முக்கியம். அதையும் ஊற்றினேன். கை தானாகவே சீனிக்குப் பதிலாகப் போடும் ஸ்வீட்னர் டப்பாவை எடுத்தது. டிக், டிக் — கோப்பைக்குள் இரண்டு குளிசை.

"அப்பா! வாட் ஆர் யூ டூயிங்?" போனுக்குள்ளிருந்து மது கத்தினாள்.

"ஏன்? அம்மாக்குத் தேத்தண்ணி."

"அம்மாக்கு இனி டயபிடீஸ் இல்லை அப்பா."

கலக்க எடுத்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

சறோவுக்கு நீரிழிவு என்று டாக்டர் சொன்ன அன்றே வீட்டிலிருந்த சீனியை நாடு கடத்தியவன் நான். அதன்பிறகு அவளுடைய தேநீரை நான்தான் ஊற்றுவேன். அவள் கையில் விட்டால் எங்கேயாவது சீனி தேடிப் பிடித்துவிடுவாள் என்று பயம். செய்தது சரிதான். அவள் இன்று இருந்தாலும் அதையேதான் செய்வேன். ஆனால் படத்தில் இருப்பவளுக்கு எந்த டாக்டர் கட்டுப்பாடு போட்டார்? வருடத்தில் ஒரு நாள், அவளுக்குப் பிடித்தது என்று சொல்லி அவளுக்குப் பிடிக்காததையா வைப்பது?

"சீனி போட்டு வேற ஊத்துங்கோ அப்பா. எனக்கு மீட்டிங் ஒண்டு. பிறகு எடுக்கிறன், ஓகே?" என்றாள் மது. போன் கறுத்துவிட்டது.

போடலாம். வீட்டில் சீனி இருந்தால்தானே!

கொஞ்ச நாளுக்கு முன்னால்தான் ஒரு செய்தி படித்தேன். இந்த நாட்டில் கடைகளில் சீனி விற்பது குறைந்து வருகிறதாம். அதற்குப் பதிலாக இனிப்பூட்டிகள் ஏறுமுகமாம். நல்ல விஷயம்தான் என்று தலையாட்டிவிட்டுப் பேப்பரை மடித்தேன். அங்கே குயின்ஸ்லாந்தில் கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பு. விளைகிற சீனியில் பெரும்பங்கு கப்பலேறி வெளிநாடு போகிறது. உலகத்துக்கே சீனி அனுப்புகிற நாட்டில், என் மனைவியின் படையலுக்குச் சீனி இல்லை!

மத்தியானத்துக்குள் படைத்துவிட்டுக் காகத்துக்கு வைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். தேவி, வீட்டிலிருந்தே வேலை செய்கிற பிள்ளை. தலையில் ஹெட்செட்டோடு ஓடி வந்தாள்.

"அங்கிள்! என்ன, சுகமில்லையோ?"

பார்த்தீர்களா? கதவைத் தட்டினால் ஆம்புலன்ஸுக்குத்தான் என்று ஆகிவிட்டது.

"ஒண்டுமில்லைப் பிள்ளை. கொஞ்சம் சீனி இருக்கோ?"

"சீனியோ? நாங்கள் நிப்பாட்டி எவ்வளவு காலம்! ஸ்டீவியா இருக்கு, மொங்க் ஃப்ரூட் இருக்கு. எதைத் தர?"

"சீனிதான் வேணும். சறோ அன்ரிக்கு."

அவள் முகம் மாறியது. "ஐயோ... இண்டைக்கோ திவசம்? நான் மறந்தே போனன் அங்கிள்." ஹெட்செட்டுக்குள் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். என்னையும் பார்த்தாள், உள்ளேயும் பார்த்தாள். பாவமாக இருந்தது. "நீ வேலையைப் பார் பிள்ளை, நான் போயிட்டு வாறன்" என்று படியிறங்கினேன்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பெண்டில் ஹில்லில் ஒரு அடுக்குமாடி யூனிட்டில் இருந்தோம். மாடிக்கு மாடி தமிழர்கள். சீனி முடிந்துவிட்டது என்று யாராவது கோப்பையோடு வருவார்கள். சறோ கதிரையை இழுத்துப் போடுவாள். வந்தவருக்குத் தேநீர். அந்தத் தேநீருக்கும் சீனி. கதை முடிவதற்குள் எங்கள் சீனியும் முடிந்து, சறோ கோப்பையைத் தூக்கிக்கொண்டு மேல்மாடிக்குப் போவாள். அங்கே இன்னொரு கதை!

இந்த ஸ்வீட்னர் டப்பா இருக்கிறதே... ஒன்று வாங்கினால் மாதக்கணக்கில் முடியாது. ஸ்வீட்னர் கைமாற்றுக் கேட்டு யாராவது உங்கள் வீட்டுக் கதவைத் தட்டியதுண்டா?

சீனி குறைவது உடம்புக்கு நல்லது. மறுக்கவில்லை. ஆனால் எத்தனை வீடுகளில் புத்தி வந்து குறைந்தது, எத்தனை வீடுகளில் ஆள் போய்க் குறைந்தது என்று அந்தச் செய்தியில் இல்லை.

காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கண்ணுக்கு நேரான தட்டு முழுக்க இனிப்பூட்டிகள், பச்சை இலைப் படம் போட்ட பைகளில். சீனி அடித்தட்டில். முழங்கால் முனக, குனிந்து ஒரு பை எடுத்தேன். ஒரு கோப்பைத் தேநீருக்கு ஒரு கிலோ.

வீட்டுக்கு வந்து புதிதாகத் தேநீர் ஊற்றினேன். தாராளமாக மூன்று கரண்டி சீனி. கோப்பையைப் படத்துக்கு முன்னால் வைத்தேன். ஸ்மோக் அலாரம் அலறாமலிருக்க ஜன்னலைத் திறந்துவிட்டுக் கற்பூரம் கொளுத்தினேன். பின்வளவில் காகத்துக்கு வைத்த சோற்றை, காகம் மாதிரியே கறுப்பும் வெள்ளையுமாக இருக்கிற மேக்பைப் பறவை ஒன்று வந்து உரிமையோடு சாப்பிட்டது. காகமோ மேக்பையோ, நேரத்துக்கு யாரோ வந்தது ஆறுதலாக இருந்தது.

படைத்ததை வீட்டுக்காரர்கள் பகிர்ந்து சாப்பிட வேண்டும். வீட்டுக்காரர்கள் என்றால் நான்தான். சறோவின் தேநீரை எடுத்து ஒரு மிடறு குடித்தேன். அம்மாடி, என்ன இனிப்பு! என் நாக்கு அதை மறந்தே போயிருந்தது. ஆனாலும் அவளுக்கு வைத்ததைச் சிங்கில் ஊற்ற மனம் வரவில்லை. குசினி மேசையில் தனியாக இருந்து கடைசிச் சொட்டுவரை குடித்தேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

நான் ஊற்றிக் கொடுத்த ஒவ்வொரு கோப்பைக்கும் "இதென்ன கண்டறியாத தேத்தண்ணி!" என்று முகத்தைச் சுளித்தவள், படத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாக அவளுக்குப் பிடித்த மாதிரி ஊற்றிவிட்டேன். குறை சொல்லத்தான் ஆள் இல்லை.