எனக்கு மட்டும் என்று கேட்ட அனுமதி

தங்கச் சுரங்கத்தை மூடிய வருஷம் எங்கள் வீட்டில் சம்பளம் வாங்குகிற ஆள் ஒருவரும் இல்லை. என் கணவர் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிப் பூமிக்குள் போய் வேலை செய்தவர். இப்போது மைசூர் மைன்ஸ் குவார்ட்டர்ஸில் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். நான் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தேன். ஊரில் வருமானம் நின்றதும் பிள்ளைகள் வருவது நின்றது. சென்டர்காரர் பாக்கிச் சம்பளத்துக்குப் பதிலாக ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கடையைச் சாத்தினார்.

அதை வைத்துக்கொண்டு நான் ஒரு புரோகிராம் எழுதினேன். அந்தக் காலத்தில் ஒரு ஃபான்டில் அடித்த தமிழை இன்னொரு ஃபான்டில் திறந்தால் எழுத்தெல்லாம் மாறிக் கண்றாவியாக இருக்கும். என் புரோகிராம் அதைப் படிக்கிற தமிழாக மாற்றித் தரும். தமிழ் மென்பொருள்களைச் சேர்த்து சிடியாக வெளியிடும் ஒரு குழு பெங்களூரில் இருந்தது. அதை நடத்தியவர் சொந்தமாகச் சின்னக் கம்பெனியும் வைத்திருந்தார். "சிடியில வரட்டும் மேடம், அதைக் காட்டித்தான் என் பார்ட்னர்கிட்ட உங்களுக்கு வேலை கேக்கணும்" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வேலையை நம்பித்தான் நாங்கள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.

சிடி அடிக்கக் கொடுக்கும் முன்பு அவர் என்னை வரச் சொன்னார். காலை ரயிலில் நின்றுகொண்டே போனேன். போனதும் என் புரோகிராமைத் திரையில் காட்டி, "இந்தப் பாகம் உங்களோடதா?" என்றார். இல்லை. எந்த ஃபான்டில் எந்த எழுத்து எங்கே உட்கார்ந்திருக்கிறது என்ற கணக்கு முழுவதும் வெளிநாட்டில் இருந்த ஒரு தமிழர் எழுதி இணையத்தில் போட்டது. அதன் தலையில் அவர் எழுதியிருந்தார்: கற்கவும் கற்பிக்கவும் இலவசம், விற்கக் கூடாது. எனக்கு இலவசம் என்ற சொல் மட்டும்தான் கண்ணில் பட்டிருந்தது. வீடு, தண்ணீர், கரண்ட் எல்லாம் கம்பெனி ஓசியில் கொடுத்து வளர்ந்த ஊர்க்காரி வேறு எதைப் பார்ப்பாள்?

குழுவின் லைசென்ஸ் வேறு மாதிரி. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். அதன்மேல் புதிதாக ஒரு தடையும் யாரும் போடக் கூடாது. ஒன்று விற்காதே என்கிறது, இன்னொன்று தடுக்காதே என்கிறது. இரண்டும் ஒரே புரோகிராமில் சேர்ந்திருக்க முடியாது. நானே புதிதாக எழுதலாமா என்று கேட்டேன். "அவர் கணக்கைப் பார்த்துட்டு எழுதினா அது காப்பிதானே மேடம்? அவர்கிட்ட கேட்டு வாங்குங்க. மாசக் கடைசிக்குள்ள வேணும்" என்றார்.

வீட்டுக்கு வந்து கடிதத்தைத் தாளில் எழுதினேன். இதை எல்லோரும் எதற்கும் பயன்படுத்த அனுமதி தாருங்கள் என்று எழுதி என் கணவரிடம் படித்துக் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாமே இது? எல்லாருக்கும்னு கேட்டா யூனியன் லெட்டர்னு நெனச்சித் தூக்கிக் கடாசிடுவாங்க. எனக்குன்னு கேளு. பணிவாக் கேளு. ஒரு ஆளுக்குன்னா எந்த ஆபீசரும் கையெழுத்துப் போடுவான்."

சரியாகத்தான் சொன்னார். குவார்ட்டர்ஸ் கூரைக்கு ஓடு மாற்றியதும் அப்படிக் கேட்டுத்தான். லைனில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் சேர்த்துக் கேட்டவர்களின் வீடு ஒழுகிக்கொண்டே இருந்தது. எல்லோருக்கும் என்பதை அடித்துவிட்டு, அடியேனுக்கு மட்டும் தயவு செய்யுங்கள் என்ற தோரணையில் எழுதி, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அனுப்பினேன்.

பதில் வருவதற்குள் செத்துப் பிழைத்தேன். வந்தது. தாராளமாகப் பயன்படுத்துங்கள், உங்களுக்கு எந்தத் தடையும் இல்லை. தெருவில் ஓடாத குறையாக வீட்டுக்கு வந்தேன். என் கணவர் கடைக்குப் போய் மைசூர் பாகு வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தார். சுரங்கம் மூடிய பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் அந்தப் பதிலைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போய் பெங்களூரில் கொடுத்தேன். குழுக்காரர் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "உங்களுக்குக் குடுத்திருக்கார் மேடம். நாளைக்கு சிடி வாங்கறவன் இதைக் காப்பி பண்ணி விக்கணும்னா அவனுக்கு யார் குடுப்பா? எல்லாருக்கும்னு ஒரு வரி வேணும்."

ஊருக்குத் திரும்பியதும் நேராக பிரவுசிங் சென்டருக்குப் போய், முதல் கடிதத்தில் அடித்து நீக்கிய அந்த வரியையே எழுதி அனுப்பினேன். பிறகு தினமும் போனேன். எதுவும் வராத நாளில் கீபோர்டை உடைத்துவிட்டு வரலாம் போலிருந்தது. மாசக் கடைசி நெருங்கியபோது என் கணவரும் கூடவே வந்து வாசலில் நின்றார். அன்று பதில் இருந்தது.

மன்னிக்க வேண்டும், போன வாரம்தான் இதன் உரிமை முழுவதையும் ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், இனி என் கையில் இல்லை என்று எழுதியிருந்தார். கீழே இன்னொரு வரி: முதல் கடிதத்திலேயே எல்லோருக்கும் என்று கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன், நீங்கள் உங்களுக்கு மட்டும்தான் கேட்டீர்கள்.

அந்த வரியை எத்தனை முறை படித்தேனோ தெரியாது. அழுகை வரவில்லை, யார்மேல் என்று தெரியாத ஆத்திரம்தான் வந்தது. திரையை மூடிவிட்டு வெளியே வந்தேன்.

"இன்னா எழுதிகிறாரு?"

"முடியாதுன்னுட்டாருங்க. வேற கம்பெனிக்குக் குடுத்துட்டாராம்."

அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு நடந்த பிறகு, என்னைப் பார்க்காமல் கேட்டார். "மொதல்லியே எல்லாருக்கும்னு கேட்டிருந்தா?"

"அப்பவும் குடுத்திருக்க மாட்டாராம்" என்றேன்.