எஞ்சினில் இல்லாத எண்

அந்த வண்டியின் பின்கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருக்கும். கூரையின் நடுவிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு பட்டை இறங்கி, கண்ணாடியை இடமும் வலமுமாகப் பிளந்துகொண்டு போகும். ஷார்ஜாவில் எங்கள் கராஜில் தார்ப்பாயை விலக்கி அதை முதன்முதலாகப் பார்த்தபோது, யாரோ அரைகுறையாக ஒட்டுப்போட்டு விட்டுப்போன வண்டி என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் நின்ற போர்மேன் சிரித்தார். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய இந்த அமெரிக்க ஸ்போர்ட்ஸ் வண்டியில், அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரே ஒரு வருடம் மட்டும் இப்படிக் கண்ணாடி வைத்தார்கள் என்றும், பின்னால் வருவது தெரியவில்லை என்று வாங்கியவர்களே பலர் பட்டையை அறுத்துவிட்டு ஒற்றைக் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள் என்றும் சொன்னார். அறுக்காமல் மிஞ்சியவை கொஞ்சம்தான். அதில் ஒன்று எண்ணெய்க் கம்பெனி அமெரிக்கர் ஒருவரோடு கப்பலில் வந்து, அவர் ஊர் திரும்பியபோது எங்கள் அர்பாபின் கைக்கு வந்து சேர்ந்திருந்தது. அர்பாப் என்றால் முதலாளி. எங்கள் விசாவும் அவர் பெயரில்தான். எங்கள் பாஸ்போர்ட்டுகள் அவருடைய ஆபீஸ் அலமாரிக்குள் இருந்தன.

இது எழுபதுகளின் நடுப்பகுதி. நான் தூத்துக்குடிக்காரன். படகுகளுக்கு ஃபைபர் உடம்பு போடும் வேலைக்கு வந்தவன். இந்த வண்டிக்கும் உடம்பு தகரமல்ல, ஃபைபர். முன்பக்கம் விரிசல் விட்டபோது கராஜில் யாருக்கும் அதைத் தொடத் தெரியவில்லை. படகுப் பட்டறையிலிருந்து என்னைக் கூட்டிவந்தார்கள். விரிசலை அடைத்தேன். அதோடு என்னை கராஜிலேயே நிறுத்திக்கொண்டார்கள்.

போர்மேன் கோயம்புத்தூர்ப் பக்கம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கள் ஊர் வழக்கப்படி நான் அவரை அண்ணாச்சி என்பேன். "மளிகைக்கடை வெச்சிருக்கறவன் மாதிரி இருக்குதுப்பா, போர்மேன்னே கூப்புடு" என்பார். பேச்சில் எப்போதும் கிண்டல் இருக்கும். ஆனால் அந்த வண்டியின் பக்கத்தில் போனால் குரலைத் தாழ்த்திக்கொள்வார். உப்புக்காற்றில் ஃபைபர் துருப்பிடிக்காது, அடியில் உள்ள இரும்புச் சட்டம் துருப்பிடிக்கும் என்று வாரம் ஒருமுறை படுத்துக்கொண்டு தட்டித் தட்டிப் பார்ப்பார். முகப்பு விளக்குகள் மூடிய இமைபோல உள்ளே திரும்பிக்கொள்பவை. அந்த மோட்டார்களில் மணல் ஏறாமல் பிரஷ் வைத்துத் துடைப்பார். அர்பாபின் மானேஜர் ஒருமுறை பின்கண்ணாடிப் பட்டையை வெட்டச் சொன்னபோது, அதை வெட்டினால் வண்டியே செத்துப்போகும் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னவர். அப்படிப்பட்ட மனிதர் பயந்து நான் பார்த்தேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அந்தக் கோடையில் துபாய் சாலையில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. எஞ்சினைப் பிரித்தபோது சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள பேக்கிங் எரிந்து, பிளாக்கின் மேல்முகம் லேசாக வளைந்திருந்தது. போர்மேன் அதை துபாயில் ஒரு லேத் பட்டறைக்கு அனுப்பி, மேல்முகத்தை ஒரு மயிரிழை சீவி மட்டமாக்கி வாங்கினார். எஞ்சின் திரும்பப் பூட்டப்பட்டது; முன்னைவிட நன்றாகவே ஓடியது. அர்பாப் தானே கடற்கரை வரை ஓட்டிப்போய் வந்து, போர்மேனின் தோளில் தட்டிக் கொடுத்தார்.

நான்கைந்து மாதம் கழித்து, குவைத்தில் ஒரு பெரிய மனிதர் அந்த வண்டியைக் கேட்கிறார் என்று சேதி வந்தது. அவருக்காக பஹ்ரைனிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்து வண்டியைச் சோதிப்பாராம். டாஷ்போர்டு பெட்டிக்கு அடியில் உள்ள தகட்டின் எண்ணும் எஞ்சினில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று கடிதத்திலேயே கேட்டிருந்தார். ஒன்றாக இருந்தால்தான் வண்டி பிறந்தபடியே இருக்கிறது என்று பொருள். அர்பாப் போர்மேனைக் கூப்பிட்டுப் பார்த்துச் சொல்லச் சொன்னார். போர்மேன் துணியை எடுத்துக்கொண்டு உற்சாகமாகத்தான் வந்தார். வலப்பக்க ஹெட்டுக்கு முன்னால், தீப்பெட்டி அளவுக்குத் தட்டையான ஒரு இடம் உண்டு. எண் அங்கேதான் இருக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "உனக்கு ஏதாச்சும் தெரியுதா பாரு" என்றார். எனக்கு என் முகம்தான் மங்கலாகத் தெரிந்தது. அந்த இடமும் பிளாக்கின் மேல்முகமும் ஒரே மட்டம். முகத்தைச் சீவியபோது எண்ணும் வழித்துக்கொண்டு போயிருந்தது.

போய்ச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று இன்றைக்கு யாரும் கேட்கலாம். அன்றைக்கு கராஜ்களில் அடிக்கடி அடிபட்ட பேச்சு, நல்ல எஞ்சினைக் கழற்றி விற்றுவிட்டு வேறொன்றைப் பூட்டிவிடுகிறார்கள் என்பது. எண் இல்லாத எஞ்சின் என்றால் அந்தச் சந்தேகம்தான் முதலில் வரும். முந்தின வருடம் ஸ்டோரில் ஒரு கியர்பாக்ஸ் காணாமல் போய், அர்பாப் இரண்டு பேரைப் போலீசில் ஒப்படைத்தார். அதில் ஒருவன் ஒன்றும் அறியாதவன் என்று தெரியவரும்போது அவன் நாற்பது நாள் உள்ளே இருந்துவிட்டான். வெளியே வந்தவன் பிறகு யாரிடமும் பேசுவதில்லை. போர்மேன் மூன்று வருடமாக லீவு போகாதவர். அடுத்த மாதம் போக இருந்தார். அர்பாப் கேட்டபோது, பிசுக்காக இருக்கிறது, சுத்தம் செய்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு உண்மையைச் சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது. ஷார்ஜாவின் ரோலா பகுதியில் எங்கள் ரூமில் அவர் தட்டின் முன்னால் உட்காருவார், பிசைவார், எழுந்துவிடுவார். வாசலில் ஜீப் நிற்கும் சத்தம் கேட்டால் இருவரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து பார்ப்போம்.

யோசனை என்னுடையது. இதை எழுதும்போதும் கை தயங்குகிறது. "நம்பர் பஞ்ச் இருக்குல்லா அண்ணாச்சி. தகட்டுல உள்ள நம்பரையே திரும்ப அடிச்சிருவோம். இது அதே எஞ்சின்தான, பொய் ஒண்ணும் இல்லையே" என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை, எல்லாரும் தொழுகைக்குப் போயிருந்த நண்பகலில் ஷட்டரை இறக்கிக்கொண்டு செய்தோம். உள்ளே காற்றே இல்லை. ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் இடையில் குனிந்து, ஒரு கையில் எண் பொறிக்கும் இரும்புப் பஞ்சும் ஒரு கையில் சுத்தியலுமாக அவர் நின்றார். எதிரே நான் படுத்தவாக்கில் எட்டி, விளக்கையும் சிறு கண்ணாடியையும் பிடித்துக்கொண்டேன். ஆறு எண்கள். ஒவ்வொரு அடியும் தகரக் கூரையில் எதிரொலித்தது. ஒவ்வொன்றுக்கும் பிறகு நிறுத்தி, வெளியே காலடி கேட்கிறதா என்று காத்திருந்தோம். நான்காவது எண்ணின்போது அவர் கை நடுங்கியது. அந்த ஐந்து மட்டும் வலப்பக்கம் சாய்ந்து விழுந்தது. "போச்சு" என்றார், அவ்வளவுதான். மீதி இரண்டையும் அடித்து முடித்துவிட்டு ஷட்டரைத் தூக்கினோம்.

பஹ்ரைன் வெள்ளைக்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். மெலிந்த, வயதான மனிதர். அவசரமே படவில்லை. ஃபைபர் இணைப்புகளை விரலால் தடவினார், நான் அடைத்த விரிசலைக் கண்டுபிடித்துத் தலையசைத்தார், விளக்குகளைத் திருப்பிப் பார்த்தார், பின்கண்ணாடிப் பட்டைக்கு முன்னால் ஒரு நிமிடம் சும்மா நின்றார். பிறகு பானட்டைத் திறந்து டார்ச்சோடு குனிந்தார். அர்பாப் நாற்காலியில் உட்கார்ந்து காவா என்கிற அரபுக் காபியைக் குடித்துக்கொண்டிருந்தார். டார்ச் வெளிச்சம் அந்தத் தீப்பெட்டி அளவு இடத்தில் நின்றது, நகரவேயில்லை. அவர் நிமிர்ந்து, போர்மேனைப் பார்த்து, மிக மெதுவாக, இதை அடித்தது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மறுத்திருக்கலாம். தெரியாது என்றிருக்கலாம். போர்மேன் தான்தான் என்றார். பிளாக்கைச் சீவியதையும் எண் போனதையும் அதே இடத்தில் நின்று சொன்னார். வெள்ளைக்காரர் மறுபடி குனிந்து, எஞ்சினின் பின்புறம், கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் எழுத்துகளை வெகுநேரம் படித்தார். பிறகு அர்பாபிடம் இரண்டு விஷயம் சொன்னார். வார்ப்புத் தேதியைப் பார்த்தால் இது அந்த வண்டியின் எஞ்சினாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் முன்னால் உள்ள எண் பொய். பொய் எண் உள்ள வண்டியைத் தன்னால் சிபாரிசு செய்ய முடியாது. எண் வெறுமனே வழித்துப் போயிருந்தால் காரணத்தை எழுதிக் கொடுத்து வாங்கவைத்திருப்பேன் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டபோது போர்மேனின் கண் மூடித் திறந்தது.

வெள்ளைக்காரர் போனபின் அர்பாப் கேட்டார். சத்தமே போடவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. எஞ்சினை மாற்றவில்லை என்றால் எதற்காக இதைச் செய்தாய் என்றார், இந்தியில்.

"டர் கயா, அர்பாப்" என்றார் போர்மேன். பயந்துவிட்டேன்.

கூட யார் இருந்தார்கள்?

"கோயீ நஹி. அகேலா." யாருமில்லை, தனியாகத்தான்.

நான் நான்கடி தூரத்தில், கையில் எண்ணெய்த் துணியோடு நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அர்பாப் "கலாஸ்", முடிந்தது, என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். போலீஸ் வரவில்லை. இரண்டாம் நாள் போர்மேனின் பாஸ்போர்ட் ரத்தான விசாவோடு வந்தது. விமான நிலையத்துக்கு வண்டி ஏறும்போது என் முழங்கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார்.

அர்பாப் அந்த வண்டியை விற்கவில்லை. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது. எண்ணை அழித்துவிடலாமா என்று மானேஜர் கேட்டதற்கு, அப்படியே இருக்கட்டும் என்றாராம். ஆக, ஒன்பது வருடம், வாரா வாரம் பானட்டைத் திறக்கும்போது அந்தச் சாய்ந்த ஐந்து என்னைப் பார்க்கும். அர்பாபின் செருப்புச் சத்தம் பின்னால் கேட்டால் கையில் உள்ள ஸ்பேனர் நழுவும். போர்மேனுக்கு மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. கோபம்தான், வேறென்ன இருக்க முடியும் என்று நான்காவதை எழுதவில்லை.

வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்ப நான் விடைபெறப் போனபோது, அர்பாப் பாஸ்போர்ட்டைத் தானே எடுத்துக் கொடுத்தார். காவா ஊற்றச் சொன்னார். பிறகு, நேற்று நடந்ததைப் பேசுவதுபோல, அன்று நீங்களெல்லாம் போனபிறகு நானே போய் எஞ்சினுக்குள் கையை விட்டுப் பார்த்தேன் என்றார். நம்பர் பஞ்சுக்கு ஒரு கை, சுத்தியலுக்கு ஒரு கை. விளக்குக்கு மூன்றாவது கை வேண்டும். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: அவன் இரண்டு பொய் சொன்னான், ஒன்றுக்காக அவனை ஊருக்கு அனுப்பினேன், இன்னொன்று நல்ல பொய், அதில் நான் கைவைக்கவில்லை.

ஊர் வந்த மாதமே கோயம்புத்தூர் போனேன். பீளமேட்டில் ஒரு ஒர்க்ஷாப்பில் அவர் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கைகழுவி வந்து எதிரே உட்கார்ந்தார். அர்பாப் சொன்னதைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்ப ஒம்போது வருசமும் சும்மாவேதான் பயந்துட்டுக் கெடந்தியா?"

நான் சிரிக்கவில்லை. கடிதத்துக்குக்கூட ஏன் பதில் போடவில்லை என்று கேட்டேன். அவர் சிரிப்பு மெல்ல நின்றது. வேட்டி நுனியால் விரல்களைத் துடைத்தபடி இருந்தார்.

"அங்க எல்லாக் கடுதாசியும் அந்தாளு ஆபீஸ் பொட்டிக்குத்தானப்பா வரும். நான் ஏதாவது எழுதி, யாராவது பிரிச்சுப் படிச்சு, நீ மாட்டிக்கிட்டீன்னா?" என்றார். "எனக்கும் அதே ஒம்போது வருசந்தான்."