எட்டு மூடை சுண்ணாம்பு

பிள்ளைக்காம்பராவின் வெள்ளைச் சுவரை யாராவது இன்றைக்குப் புகழ்ந்து பேசினாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் விட்டுப்போகிற கைப்பிள்ளைகளை அந்த அறையில் பதினொரு வருடம் பார்த்துக்கொண்டவள் நான். தோட்டங்களைக் கம்பெனிகள் பொறுப்பெடுத்த பிறகு நடந்த கதை இது. சுவர் வெள்ளையாக இருந்தது உண்மைதான். அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

முதலில் தண்ணீரைச் சொல்ல வேண்டும். மேலே தொரை பங்களா. அதற்குக் கீழே ஸ்டோர், அதாவது ரப்பர் பாலில் அசிட் ஊற்றி உறையவைத்து ஷீட் அடிக்கிற இடம். ஸ்டோருக்கும் கீழே நாங்கள் குடியிருக்கிற லயங்களும் பிள்ளைக்காம்பராவும். ஓயா என்கிற சிற்றாறு இந்த மூன்றையும் ஒட்டியே இறங்கியது. பங்களாவுக்கு ஸ்டோருக்கு மேலேயிருந்து தண்ணீர் எடுத்தார்கள். எங்களுக்கு ஸ்டோருக்குக் கீழேயிருந்து. கல்லிடுக்கில் ஒரு கறுப்புக் குழாயைச் செருகி, அதன் வாயில் பழைய துணி கட்டியிருந்தது, அவ்வளவுதான். தொரை வீட்டு நாய்கூட நல்ல தண்ணீரில் குளித்தது. எங்கள் பிள்ளைகளுக்கு ஸ்டோர் கழுவிவிட்ட மிச்சம்.

குழாயின் வாயை ஸ்டோருக்கு மேலே கொண்டுபோங்கள் என்று பெரிய கிளாக்கரிடம் கேட்டுக் கேட்டு என் வாய் வலித்துப் போனது. ஆபீசில் அவர்தான் எல்லாம்.

"பைப்பு வேணுமே ஆயம்மா. பாப்போம், பாப்போம்."

மூன்று வருடம் பார்த்தார். செவிடன் காதில் ஊதின சங்குதான்.

அதற்கிடையில் கம்பெனியிலிருந்து ஒரு சிங்கள மாத்தயா வந்து வகுப்பு நடத்தினார். அசிட் ஓயாவில் கலந்தால் என்ன செய்வது என்ற வகுப்பு. பெண்களில் ஒருத்தியாவது இருக்க வேண்டுமாம், என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அவர் சொன்னது சுருக்கம். கீழே இருப்பவர்களுக்கு முதலில் சொல்லு, தண்ணீர் எடுக்கிற குழாயைத் தூக்கு, கழிவுநீர் ஓடுகிற கானை மண் போட்டு அடை, அடைத்த இடத்தில் அசிட்டை முறிக்கச் சுண்ணாம்பைக் கொட்டு. போகும்போது எட்டு மூடை சுண்ணாம்பை இறக்கி, அசிட் காம்பரா வாசலில் அடுக்கி, சிவப்புப் பெயின்டில் "தொடாதே" என்று பலகை எழுதி வைத்தார். சிங்களத்தில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று.

"தமிழ்ல எங்கே மாத்தயா? இங்க வேல செய்யிறது நாங்கதானே?" என்று சிங்களத்திலேயே கேட்டேன்.

"உனக்குத்தான் சிங்களம் தெரியுமே, நீ சொல்லிக் கொடு" என்று சிரித்தார்.

சொல்லியும் கொடுத்தேன், அதுதான் கொடுமை. அந்தப் பலகையில் இருந்ததை லயம் லயமாகப் போய்ச் சொன்னவள் நான். அதை முதலில் மீறினவளும் நான்.

கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் பிள்ளைக்காம்பராவைப் பார்க்க வருகிறார்கள் என்று கிளாக்கர் வந்து நின்றார். சுவரெல்லாம் பாசி, மூலையெல்லாம் பூஞ்சணம். "இப்பிடியா வச்சிருப்ப? மானம் போயிரும்" என்றார். பெயின்ட் கேட்டேன், இல்லை. சுண்ணாம்பு வாங்கித் தரச் சொன்னேன், அதுவும் இல்லை. "எப்பிடியாச்சும் பாத்துக்க" என்று கையை உதறிவிட்டுப் போய்விட்டார்.

அசிட் காம்பரா சாவி என் கொழுந்தனிடம் இருந்தது. என் வீட்டுக்காரரின் தம்பி. பால்வெட்டிலிருந்து படிப்படியாக மேலே வந்து ஸ்டோர் சாவி வாங்கினவன், எங்கள் குடும்பத்தில் சட்டைப் பையில் பேனை செருகிய முதல் ஆள். என்னிடம் எதிர்த்துப் பேசமாட்டான். அது எனக்குத் தெரிந்துதான் போனேன்.

"அண்ணி, அது அசிட்டுக்கு வச்சிருக்கது."

"எட்டு மூடையும் ஈரத்துல கெடந்து கல்லாப் போவுது. ரெண்டு குடு. ஒன் வீட்டு அரிசியையா கேக்குறேன்?"

"நாளைக்கு ஒண்ணு ஆனா?"

"ஆனா பாத்துக்கலாம். குடு சாமி, புள்ளைங்க எடம்தானே."

பாருங்கள், "பாத்துக்கலாம்" என்றேன். கிளாக்கரை வைததெல்லாம் இந்த வாயால்தான்.

சுவர் பளபளவென்று ஆனது. வந்தவர்கள் படம் எடுத்தார்கள். ஆனால் திறந்த வீட்டில் நாய் நுழையக் கேட்கவா வேண்டும்? "புள்ளக்காம்பராவுக்குக் குடுத்தியே, ஆத்தா கோயிலுக்கு மாட்டேங்கிறியா?" என்று கோயில் கமிட்டி இரண்டு மூடை தூக்கியது. கிளாக்கர் தன் குவார்ட்டர்ஸுக்கு இரண்டு எடுத்தார். தீபாவளிக்கு லயத்துக்காரர்கள் ஆளுக்கொரு வாளி. கடைசியில் வெறும் சாக்குகளை மடித்து, பலகைக்குக் கீழே அடுக்கி வைத்திருந்தான் என் கொழுந்தன். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேசாமல் வந்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் அது நடந்தது. இரவெல்லாம் பெய்து காலையில் வெறித்திருந்தது. மரம் ஈரம் என்பதால் பால்வெட்டு இல்லை. பெண்களை ஸ்டோருக்குப் பக்கத்தில் புல்வெட்டுக்கு விட்டிருந்தார்கள். அசிட் லொறி சேற்றில் இறங்க முடியாமல் மேல் ரோட்டிலேயே நின்றுவிட்டது. லொறி இறங்காத நாளில் பலகை போட்டுக் கேன்களைச் சறுக்கி விடுவது எங்கள் தோட்டத்தில் வழக்கம். அன்றைக்குப் பலகையும் ஈரம். மூன்று கேன் கைமீறிப் போய்க் கல்லில் மோதி உடைந்து கானுக்குள் விழுந்தன. கான் நேராக ஓயாவுக்குப் போகிறது.

நான் குளிப்பாட்டுகிற நேரம். தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஒன்றரை வயதுப் பயல் ஒருவனை உள்ளே இறக்கி இரண்டு சொம்பு ஊற்றியிருப்பேன். முசுறு எறும்பை நசுக்கினால் ஒரு வாடை வருமே, அந்த வாடை தண்ணீரிலிருந்து வந்தது. அதே நேரம் கொழுந்தன் சரிவில் உருண்டு புரண்டு ஓடி வந்தான்.

"அண்ணி! தண்ணியத் தொடாதீங்க! அண்ணி!"

பயலைத் தூக்கினேன். நெஞ்சும் கையும் சிவந்து வீறிட்டு அழுதான். கூரைக்குக் கீழே பீப்பாயில் நிறைந்திருந்த மழைத் தண்ணீரை அள்ளி அள்ளி அவன்மேல் ஊற்றினேன். கண்ணைத் திறக்கமாட்டேன் என்கிறான். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. "தொறடா ராசா, தொறடா" என்று கெஞ்சினேன். திறந்தான். என்னைப் பார்த்தான். கோயில் ஆத்தாவுக்கு இன்றைக்கும் கற்பூரம் கொளுத்துகிறேன்.

கொழுந்தன் ஓயாவில் இறங்கிக் குழாயைப் பிடுங்கி எறிந்தான். புல்வெட்டுப் பெண்கள் மம்பட்டியோடு ஓடி வந்து கானை மண் போட்டு அடைத்தார்கள். பிள்ளைகளை ஒருத்தியிடம் விட்டுவிட்டு நானும் போனேன். அடைத்த மண்ணுக்குப் பின்னால் அசிட் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மண்ணை உடைத்துக்கொண்டு போகும். இதற்குள் ஓயாவில் பொடி மீன்கள் வயிற்றைக் காட்டி மிதக்க, ஒருத்தி முந்தானையில் பொறுக்கிக்கொண்டு நின்றாள். "அடி கூறுகெட்டவளே, கொட்டுடி அத!" என்று கத்தினேன்.

தொரை வந்துவிட்டார். கிளாக்கரும் பின்னாலேயே. "சுண்ணாம்பு எங்கே?" என்று கேட்டார் தொரை.

கிளாக்கர் ஆகாயத்தைப் பார்த்தார். கொழுந்தன் வெறும் சாக்கைப் பார்த்தான். என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை, மடையன்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த வெறி. "புளிப்புக்குச் சாம்பலாச்சும் போடுங்கடி! அடுப்புச் சாம்பல அள்ளிக்கிட்டு வாங்க!" என்று லயத்தைப் பார்த்துக் கத்திவிட்டு, காம்பராவுக்கு ஓடிப்போய்த் தேங்காய் திருவுகிற பலகையின் இரும்பைக் கழற்றிச் சுவரைச் சுரண்டினேன். நான் பூசின சுவர்தான். நகம் பெயர்ந்தது. சுரண்டச் சுரண்ட வெள்ளைத் தூள் சுளகில் விழுந்தது. வேறு இரண்டு பெண்களும் கத்தியோடு வந்து சேர்ந்துகொண்டார்கள். முன்சுவர் பாதி போனது. அந்தத் தூளையும் வாளி வாளியாக வந்த சாம்பலையும் கானில் கொட்டினோம். நுரைத்துச் சீறியது. மண் உடையவில்லை. எவ்வளவு தடுத்தோம், எவ்வளவு ஏற்கெனவே போய்விட்டது என்று எனக்குத் தெரியாது. பயலின் சிவப்பு சாயங்காலம் இறங்கியது.

மறுநாள் விசாரணை. கூப்பிடாமலே போனேன். "மொதல்ல சுண்ணாம்பு கேட்டது நான்தான். கோயிலுக்கும் போச்சு, ஐயாவோட குவார்ட்டர்ஸுக்கும் போச்சு" என்று கிளாக்கரை வைத்துக்கொண்டே சொன்னேன். கிளாக்கர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

தொரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "பிள்ளைக்காம்பராவுக்குத்தானே, உன்மேல் பிழையில்லை. சாவி யாரிடம் இருந்தது?" என்றார்.

அவ்வளவுதான் விசாரணை. கொழுந்தனிடமிருந்து சாவியை வாங்கினார்கள். அவன் மறுபடியும் பால்வெட்டுக் கத்தியை எடுத்தான். என்னை ஒரு சொல்லாவது திட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

புதிதாக எட்டு மூடை வந்தது. முதல் மூடையை ஓர் ஆள் தூக்கிவர, கிளாக்கர் நேராக என்னிடம் வந்தார்.

"கொழும்பு ஆளுங்க மறுபடி வாராங்க. இந்தச் சொவத்தப் பூசிரு ஆயம்மா."

நான் வாசலில் குறுக்கே உட்கார்ந்துவிட்டேன். "அத எங்கிருந்து எடுத்தீங்களோ அங்க கொண்டுபோய் வைங்க. இந்தச் சொவத்துல ஒருத்தன் கை வைக்கட்டும், பாப்போம்!" என்றேன். அவருக்கு முகம் கறுத்தது. ஆனால் மூடை திரும்பிப் போனது.

வந்தவர்களில் ஒரு நோனா, சிங்கள அம்மா, அரைகுறைச் சுவரைத் தடவிப் பார்த்து, "மே பித்தியட்ட மொகத வுணே?" என்று கேட்டார். இந்தச் சுவருக்கு என்ன ஆனது என்கிறார். மழை என்று கிளாக்கர் வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டு, குழாயிலிருந்து பயலின் நெஞ்சு வரைக்கும் சிங்களத்தில் கொட்டித் தீர்த்தேன். கொழுந்தன் பெயரையும் சொன்னேன். நோனா குழாயை எழுதிக்கொண்டார். கொழுந்தனை எழுதவில்லை.

மூன்று வருடம் இல்லாத பைப் இரண்டு கிழமையில் வந்தது. குழாயின் வாய் ஸ்டோருக்கு மேலே போனது.

முதல் நாள் தண்ணீர் விழுந்தபோது கொழுந்தன் அந்த வழியாகப் பால்வாளியோடு போனான். சாவி போனதிலிருந்து எங்கள் வீட்டுப் படி ஏறாதவன். கூப்பிட்டேன். நின்றான். சொம்பில் பிடித்துக் கொடுத்தேன். அண்ணாந்து முழுக்கக் குடித்தான்.

"நல்லாருக்கு அண்ணி. வாடையே இல்ல."

"உக்காரு சாமி. ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

"பால் ஒறஞ்சிரும் அண்ணி" என்றான். சொம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு மலையேறினான்.