ஒற்றை ஸ்கீயில் காலை நீட்டாதீர்கள்: ஹாலிபேர்ட்டன் காட்டுப் பனியில் ஒரு நாள்

போன பெப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை, காய்கறி மொத்தக் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு என் சகலன் ரவியுடன் ஹாலிபேர்ட்டன் காட்டுக்குப் போனேன். ஏன் செவ்வாய் என்றால், வார இறுதியைவிடப் பனிவண்டி வாடகை ஆளுக்குத் தொண்ணூறு டொலர் குறைவு. ஏன் ரவி என்றால், அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

ரவி பதினொரு வருடமாக ட்ரக் ஓட்டுபவன். டிசம்பரில் பனியில் ட்ரக் சறுக்கி வீதியோரப் பள்ளத்துக்குள் இறங்கியது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு பனி கொட்டினால் அவன் வேலைக்குப் போவதில்லை. ஒன்ராறியோவில் வெயில் நாளுக்கு மட்டும் யார் சம்பளம் கொடுப்பார்கள்? வேலைக்கு வருவதா விடுவதா என்று மார்ச் முடிவதற்குள் பதில் சொல்லும்படி கம்பனி கேட்டுவிட்டது. ஆள் பயந்துவிட்டான் என்று நினைத்தேன். ஒரு நாள் நன்றாகப் பனிக்குள் உருட்டி எடுத்தால் பயம் தெளிந்துவிடும் என்பது என் யோசனை.

காலை 6:10க்கு ஸ்காபரோவில் இருந்து புறப்பட்டோம். 401இல் கிழக்கே போய், பிறகு 35ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே. 205 கிலோமீற்றர். லின்ட்சேயில் கோப்பிக்கு நின்ற பத்து நிமிடத்தையும் சேர்த்து இரண்டே முக்கால் மணித்தியாலம். நான்தான் ஓட்டினேன்.

வாகனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிளின் முன் சில்லைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு ஸ்கீயும் (பனியில் சறுக்கும் பலகை), பின் சில்லுக்குப் பதிலாகப் பல்லு வைத்த ரப்பர் பட்டியும் பூட்டியிருப்பார்கள். சாதாரண ஸ்னோமொபீலுக்கு இரண்டு ஸ்கீ, அது தானாக நிற்கும். இது நிற்காது. ஒரு நாள் வாடகை ஆளுக்கு 420 டொலர், வரி வேறு. வழிகாட்டியும் ஹெல்மெட்டும் உடுப்பும் அதற்குள் அடக்கம், பெற்றோலுக்கு 35 தனி. (பேரம் பேசினேன். பூட்ஸ் வாடகை இருபதை விட்டுக்கொடுத்தார்கள்.)

வழிகாட்டி ஹெலன், ஐம்பது வயதிருக்கும், சொற்களை வீணாக்காத பெண். எழுந்து நின்று ஓட்டு. வேகம் குறைந்து சாயப் பார்த்தால் அக்சிலரேட்டரை முறுக்கு, பிரேக்கைத் தொடாதே. எக்காரணம் கொண்டும் காலை வெளியே நீட்டாதே. இவ்வளவுதான் பாடம்.

“உதுக்கு என்ன பாடம் அண்ணை? நாங்கள் ஓடாத மோட்டச்சைக்கிளே?” என்றான் ரவி. எனக்கும் அதே எண்ணம்தான். பிழை அங்கேயேதான் தொடங்கியது. ஊரில் வன்னி மணலில் வண்டி ஆடினால் இரண்டு காலையும் நீட்டித் துடுப்புப் போல ஊன்றித்தான் நாங்கள் பழகியவர்கள். அன்று பனி, மேலே அப்பளம் போல ஒரு ஓடு, கீழே சீனி போல உதிரும் தூள். காலை நீட்டினால் தொடை வரை இறங்கும், வண்டி மேலே விழும். முதல் ஒரு மணித்தியாலத்தில் நான் ஏழு தடவை விழுந்தேன். ரவி மூன்று.

பதினொன்றரைக்கு ஒரு சீடர் மரப் பள்ளத்தில் இறங்கி ஏறவேண்டி வந்தது. ஹெலனும் ரவியும் ஏறிவிட்டார்கள். நான் பாதியில் வேகத்தைக் குறைத்தேன். இடது கால் தானாக வெளியே போனது. வண்டி காலின் மேல் சரிந்தது. வலி இல்லை, ஆனால் அசைய முடியவில்லை. நடந்து வர முடியாத பனி என்பதால் ரவி வண்டியைத் திருப்பி, அந்தச் சரிவிலேயே இறங்கி வந்தான்.

“என்ன முதலாளி, ஸ்நோவுக்குள்ள கடை போட்டிட்டியளோ?”

“பகிடியை விடும். முதல்ல உதைத் தூக்கும்.”

என் காலை வெளியே எடுத்த பிறகு வண்டியை மறுபக்கம் சாய்த்து, பட்டி தோண்டிய குழிக்குள் பனியைத் தள்ளி மிதித்தோம். பனி இறுகும்வரை ஐந்து நிமிடம் இருந்தோம். “ஹெலன் அவ்வளவு சொல்லியும் ஏன் அண்ணை காலை நீட்டினனீங்கள்?” என்று கேட்டான்.

“நான் எங்க நீட்டினனான்? அது தானாப் போகுது.”

ரவி சிரிக்கவில்லை. “எனக்கும் அண்டைக்கு அப்பிடித்தான். சறுக்கேக்க பிரேக்கைத் தொடக்கூடாதெண்டு பதினொரு வருசமாத் தெரியும். நான் யோசிக்க முன்னம் கால் அமத்திப்போட்டுது. பயம் இல்லை அண்ணை. என்ர காலை நான் நம்பேல்லை.”

இரண்டு மாதமாக அவனைக் கோழை என்று வீட்டில் பேசியவன் நான். “எனக்கும் இண்டைக்கு எட்டாவது தரம்” என்றேன்.

அதற்குப் பிறகு அவன் எனக்குப் பின்னால் வந்தான். நான் வேகம் குறைக்கும்போதெல்லாம் “கால்! காலை உள்ள வையுங்கோ!” என்று ஹெல்மெட்டுக்குள் இருந்து கத்துவான். மாலைக்குள் அவன் விழுவது நின்றது. நான் இன்னும் இரண்டு தடவை விழுந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: நாற்பதைத் தாண்டியவர்கள் அரை நாள் மட்டும் எடுங்கள், மற்ற அரை நாள் வண்டி தூக்கத்தான் போகும். நிறுத்துவதென்றால் இறக்கத்தைப் பார்த்து நிறுத்துங்கள். புதைந்தால் அக்சிலரேட்டரை முறுக்காதீர்கள், குழிதான் ஆழமாகும். தனியாகப் போகவே வேண்டாம். மாற்றுக் கையுறை இரண்டு சோடி கொண்டுபோங்கள். மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியும் என்று யாரிடமும் பெருமை பேசாதீர்கள்.

3:40க்குப் புறப்படும்போது மறுபடியும் பனி கொட்டத் தொடங்கியிருந்தது. அங்கிருந்து நெடுஞ்சாலைக்கு இரண்டரை கிலோமீற்றர், பனி அள்ளாத பாதை.

“கார்த் திறப்பைத் தாங்கோ, நான் ஓடுறன்” என்றான் ரவி.

கொடுத்தேன். இருபதில் ஓட்டினான். இரண்டாவது வளைவில் காரின் பின்பக்கம் வழுக்கியது. நான் வீதியைப் பார்க்கவில்லை, அவனுடைய வலது காலைப் பார்த்தேன். அது பிரேக்குக்கு மேலே போய், தொடாமல் நின்றது. கார் தானாக நேரானது. நெடுஞ்சாலை வாசலில் ஓரமாக நிறுத்தினான். நெற்றி வியர்த்திருந்தது.

“இண்டைக்கு உவ்வளவு காணும் அண்ணை.”

எந்தப் பேரத்திலும் இன்னும் கொஞ்சம் கேட்டுப் பார்ப்பவன் நான். “ஓம், போதும்” என்று சொல்லிவிட்டு இறங்கி மறுபக்கம் போனேன்.