வகைக்கு ஒரு மீன்

என் அப்பாவோடு கடைக்குப் போனவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும். எதை வாங்கினாலும் வகைக்கு ஒன்று. ஆசைப்பட்டு லட்டைக் காட்டினால், லட்டு ஒன்று, ஜிலேபி ஒன்று, மைசூர்பாகு ஒன்று, யாருமே தின்னாத அந்தப் பச்சைக் கலர் பர்பி ஒன்று என்று பொட்டலம் வரும். தீபாவளிக்கு அவர் வாங்கி வந்த ஒரு டஜன் வளையலில் பன்னிரண்டு நிறம் இருந்தது. சங்கரன்கோவிலில் விசைத்தறிகளுக்கு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர். நாளெல்லாம் தறியில் ஒரே மாதிரிச் சேலை ஓடுவதைப் பார்த்துப் பார்த்து இப்படி ஆகிவிட்டாரோ என்னவோ. மற்றதைக்கூட விட்டுவிடலாம். மீன் விஷயத்தில் அவர் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்த வருஷம் வீடு வீடாகவே இல்லை. தம்பிப் பாப்பாவோடு வருகிறேன் என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா, துணிக்கூடையோடு மட்டும் திரும்பி வந்தாள். தம்பி சாமியிடம் போய்விட்டான் என்று அத்தை சொன்னாள். எனக்கு அவனைப் பற்றி வருத்தமெல்லாம் பெரிதாக இல்லை, பார்த்திருந்தால்தானே வருத்தப்பட. அம்மாமேல்தான் எரிச்சல். முன்னறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவள் படுத்தவள்தான். தலை பின்னிவிடச் சொன்னால் "அத்தைகிட்ட போ" என்பாள். அத்தை பின்னினால் கண் பிதுங்கிவிடும். அம்மா அழவும் இல்லை, வாய் திறந்து சரியாகப் பேசவும் இல்லை, வாசல்படி தாண்டி நாலு மாதம் ஆகியிருந்தது. வந்து பார்த்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அவள் எழுந்து நடமாடினால் போதும் என்று அப்பா கும்பிடாத சாமி இல்லை. தறிப் பட்டறையில் யாரோ, மீன் தொட்டி வைத்தால் மனசு லேசாகும் என்று சொல்ல, அதையும் பிடித்துக்கொண்டார். தொட்டி அம்மாவுக்காக. என்னிடம் மட்டும், எனக்காக என்று சொன்னார். நானும் நம்பிவிட்டேன்.

திருநெல்வேலிக்குப் போய்த்தான் வாங்கினோம். கடையில் மற்ற மீன்களெல்லாம் மேலே பகட்டிக்கொண்டு திரிய, ஒரு தொட்டியின் அடியில் சுண்டுவிரலில் பாதிகூட இல்லாத மீசைக்கார மீன்கள் பத்துப் பதினைந்து, பிரேயருக்குப் போகிற ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டே போயின. எனக்கு அதுதான் வேண்டும் என்று கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"அது கோரி, பாப்பா. நம்மூர்க் கெளுத்திக்குச் சொந்தக்காரன்தான், பெருசா வளராது. அடியிலயே மேயும்" என்ற கடைக்காரர், அப்பாவிடம் திரும்பி, "ஒரே வகையில ஆறு எடுத்துக்கோங்க அண்ணாச்சி. தனியா விட்டா ஏங்கிரும்" என்றார்.

"ஆறும் ஒண்ணுபோல இருந்தா என்னத்தப் பாக்க? வகைக்கு ஒண்ணு போடுங்க."

அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன், காலை மிதித்தேன், கடைசியில் அழுதும் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். வெள்ளை ஒன்று, வெண்கல நிறத்தில் ஒன்று, உடம்பெல்லாம் புள்ளி ஒன்று, கண்ணில் மை அப்பியது ஒன்று, ஆரஞ்சுத் துடுப்பு ஒன்று, நான் கேட்ட அந்தப் பொடியன் ஒன்றே ஒன்று என்று ஆறு கவர்களில் ஆறு தினுசு. ஊர் வரும்வரை பஸ்ஸில் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவோடு பேசாமலே வந்தேன். அவர் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

கடைக்காரர் சொன்னதுதான் நடந்தது. முன்னறையில் தொட்டியை வைத்து, கலர் கல் பரப்பி, மோட்டார் மாட்டி, ஆறையும் விட்டதும், பாகம் பிரித்த பங்காளிகள் போல ஆளுக்கொரு மூலையில் போய்ப் படுத்துக்கொண்டன. திடீரென்று ஒன்று விருட்டென்று மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து படுக்கும். அவ்வளவுதான் வேடிக்கை. பொடியனுக்குத்தான் மூலையே கிடைக்கவில்லை. வெள்ளையின் பின்னால் கொஞ்ச தூரம் போவான், புள்ளியின் பின்னால் கொஞ்ச தூரம் போவான். யாரும் திரும்பிப் பார்க்காமல் போகவே, கண்ணாடியில் தெரிந்த தன் நிழலோடு ஒட்டிக்கொண்டு மேலும் கீழுமாக நீந்துவான். அவனுக்கு ஒரு ஜோடியாவது வாங்குங்கள் என்று அப்பாவை நச்சரித்தேன். அடுத்த வாரம் என்றார். அப்பாவின் அடுத்த வாரம் எந்தக் காலண்டரிலும் கிடையாது.

அம்மா மட்டும் சுவரை விட்டுவிட்டுத் தொட்டிப் பக்கம் திரும்பிப் படுக்க ஆரம்பித்தாள். கட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவில் நான் நின்றால் "தள்ளு" என்பாள். என் தொட்டியை நான் பார்க்க இவளிடம் அனுமதி வாங்க வேண்டுமா என்று எனக்குக் கோபம் வரும்.

பத்து நாள் போயிருக்கும். பொடியன்மேல் உப்புக்கல் ஒட்டியது போல வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருந்தது. கடைக்காரருக்குப் போன் போட்ட அப்பா, மருந்து இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கி வருகிறேன் என்றார். அன்று புதன்கிழமை. நான் குதித்த குதியில் அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னட்டி, கொப்புளமா போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

எங்கள் ஊரில் சொறி, சிரங்கு, கட்டி எது வந்தாலும் மருந்துக்கடைக்கு முன்னால் கோவில் புற்றுமண்தான். தண்ணீரில் குழைத்துப் பூசிக்கொள்வோம். அதை மீனுக்குச் செய்யலாம் என்று எங்கள் ஊர்க்காரிக்குத்தான் தோன்றும். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்க்கிறேன், தொட்டி நிறையச் செம்மண் வெள்ளம். மீனும் இல்லை, கல்லும் இல்லை, ஒன்றும் தெரியவில்லை. அம்மா நெற்றியில் குங்குமத்தோடு, தொட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"மேல பூசணும்னா மீனக் கையில பிடிக்க முடியுமா? அதான் தண்ணியிலயே கரைச்சு விட்டுட்டேன்" என்றாள். அவ்வளவு நீளமாக அவள் பேசி எவ்வளவோ நாளாகியிருந்தது. அதெல்லாம் எனக்கு எங்கே உறைத்தது? தரையில் புரண்டு அழுதேன். அப்பா வரட்டும், இருக்கிறது உனக்கு என்று கறுவிக்கொண்டிருந்தேன்.

அப்பா வந்தார். தொட்டியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"ஏளா, கோவிலுக்கா போன?"

"ஆமா."

"நடந்தா?"

"பின்ன பறந்தா?"

இப்போது வெடிப்பார் என்று நான் காத்திருந்தால், அந்த மனுஷன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக, "மண்ணு பத்துமா? இன்னும் கொஞ்சம் எடுத்துட்டு வரட்டா?" என்று கேட்டார். இந்த வீட்டில் மூளையோடு இருப்பது நான் ஒருத்திதான் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

விடிந்து பார்த்தபோது மண் அடியில் படிந்து தண்ணீர் தெளிந்திருந்தது. கலர் கல்லின்மேல் மெத்தென்று ஒரு விரற்கடை மண். அதில் ஐந்து மீசைக்காரர்களும் மூக்குவரை புதைத்துத் துழாவிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு சுறுசுறுப்பை நான் அவர்களிடம் பார்த்ததே இல்லை. பொடியன் மட்டும் மோட்டார் குழாய்க்குப் பக்கத்தில் மல்லாந்து மிதந்தான். நோயால் செத்தானா, மண்ணால் செத்தானா, யாருக்குத் தெரியும். எனக்கு அப்போது சந்தேகமே இல்லை.

"நீதாம்மா கொன்ன. சின்னதுன்னு தெரியும்லா? ஒனக்கு ஒழுங்காப் பாத்துக்கத் தெரியல" என்று கத்தினேன்.

அப்பா என்னை அறைந்தார். அதற்கு முன்னும் அடித்ததில்லை, பின்னும் அடித்ததில்லை. எனக்கு அழக்கூடத் தோன்றவில்லை. "பச்சப்பிள்ளைய ஏன் அடிக்கிய?" என்று சொல்லி அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் போட்டு அழுதாள். அறை வாங்கியது நான், அழுகிறது இவளா என்று ஆத்திரமாக வந்தது. ஒரு பொடி மீனுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? ஆனாலும் அவள் நிறுத்தாமல் அழவே, எனக்கே பாவமாகிவிட்டது. பெரிய மனுஷிபோல அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

"அழாதம்மா. அது போனாப் போவுது. வேற ஒண்ணு வாங்கிக்கிடலாம்" என்றேன்.

அப்பா எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். அம்மா அழுகையை நிறுத்தி என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு "சரிட்டி" என்றாள். நான் மீனைப் பற்றித்தான் பேசினேன். அவளும் மீனுக்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன்.